கடைசி எழுத்து மட்டும் பாக்கி

தட்டிக் கதவு அரை அடிதான் திறந்திருந்தது. "உள்ள வாங்க, செருப்போடயே வாங்க, ஆணி கெடக்கும்" என்று குரல் வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை! கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கடைகளின் வாசலில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். பிள்ளையாரை வேடிக்கை பார்த்திருக்கிறேன், யாளியைத் தடவியிருக்கிறேன், விலை கேட்டுத் திரும்பியிருக்கிறேன். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. ஆனால் பின்பக்கத்துப் பட்டறைக்குள் விட்டது இதுதான் முதல் தடவை. நீங்களும் கூடவே வாருங்கள். கொஞ்சம் குனிந்து வாருங்கள், கதவுக்குப் பின்னால் கை பொருத்தாத முருகன் ஒருவர் படுத்திருக்கிறார்.

உள்ளே என்ன ஒரு கூட்டம்! மூக்கு வராத மகாலட்சுமி, தும்பிக்கை மட்டும் முடிந்த பிள்ளையார், யாளியின் தந்தத்தில் யாரோ மாட்டிவைத்த லுங்கி, நந்தியின் முதுகில் இரண்டு டீ கிளாஸ். கணுக்கால் வரைக்கும் மரச்சுருள். பச்சை வாகைமரத்தின் வாசம் தொண்டையில் காரமாக இறங்குகிறது. எஃப்எம்மில் பழைய பாட்டு ஓட, உளி தட்டுகிற சத்தம் தாளம் தப்பாமல் கூடவே போகிறது. சட்டையைக் கழற்றி வைத்த நான்கு பேர் முதுகிலும் வியர்வையில் தூள் ஒட்டி, அவர்களும் பாதி செதுக்கிய சிலைகள் மாதிரியே இருந்தார்கள்.

நான் பார்க்க வந்தது சாமியை இல்லை. ஒரு பெயர்ப்பலகையை.

மேஸ்திரி ஈரத்துணியை விலக்கிக் காட்டினார். இரண்டடித் தேக்குப் பலகை. அதில் குழித்து வெட்டிய நான்கு எழுத்துகள்: க, வு, ண், ட. அப்புறம் ஒரு கையகலத்துக்குக் காலி.

"கடைசி எழுத்துக்கு உத்தரவு வரலைங்க. ன்-னா, ர்-ரான்னு கேட்டு அனுப்பியிருக்கேன்."

கேட்டு அனுப்பியது தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு. அங்கே ஒரு குடும்பம், வீட்டு வாசலில் தமிழில் பெயர் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டில் அவர்கள் குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தில் 'கவுண்டன்' என்று உச்சரிக்கும்படி எழுதுகிறார்கள். மேஸ்திரிக்கு மனசு ஒப்பவில்லை. "வாசல்ல மாட்டுற பலகை. 'கவுண்டர்'னு இருந்தா மரியாதையா இருக்குமேன்னு தோணுச்சு. நம்மளா எதுக்கு முடிவு பண்ணணும்? அவங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுச் சொல்லட்டும்." டர்பன் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே எல்லோரும் வேலைக்குப் போய்த் திரும்பி, பாட்டியைக் கேட்டு, பதில் வர ராத்திரி ஆகிவிடும். பட்டறையில் இதற்குள் பந்தயமும் கட்டியாகிவிட்டது. எடுபிடிப் பையன் 'ர்' பக்கம். தோற்றவர் செலவில் எல்லோருக்கும் டீ.

பலகையைக் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த மூன்று சுழி ண் இருக்கிறதே, அங்கேதான் உயிர் போகிறது. ஒவ்வொரு சுழியின் நடுவிலும் மிளகு அளவுக்கு ஒரு மரப்பொட்டு நிற்க வேண்டும். உளி ஒரு நூல் சாய்ந்தால் பொட்டு தெறித்துவிடும். நேற்று ஒன்று தெறித்தே விட்டதாம். நாலு பேரும் தரையில் குப்புற விழுந்து, மரச்சுருளுக்குள் அந்த மிளகைத் தேடி, ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து ஒட்டியிருக்கிறார்கள். "எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார் மேஸ்திரி. மூக்கு உரசும் வரை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

அதுவரை என்ன செய்வது? இந்தப் பெயர் இன்னும் வாய்மொழியாகவே புழங்குகிற கல்வராயன் மலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் என் சித்தி மகள் டீச்சர். "அக்கா, இன்னிக்கு எங்க ஆபீஸ் ரூம்ல பேர் சரிபார்க்கிற வேலை. வந்தா சிரிச்சே செத்துருவீங்க" என்று வேறு சொல்லியிருந்தாள். விடுவேனா!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஓரமாகப் பார்த்துக்கொண்டு பஸ் மலையேறியது. முன் சீட்டில் ஒரு மூட்டை கடுக்காய், என் காலடியில் கோழி. எதிரே மரவள்ளிக்கிழங்கு லாரி வந்தால் நம் பஸ் பின்வாங்கி வழி விடுகிறது, இரண்டு டிரைவர்களும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்கிறார்கள். பாதி வழியில் ஏறிக்கொண்ட அந்தத் தங்கை வரலாறு படித்தவள். பலகைக் கதையைச் சொன்னேன். ஆரம்பித்துவிட்டாள்.

"மேட்ரிக்ஸ் படத்து ஹீரோ பேர் என்ன?"

"கியானு ரீவ்ஸ்."

"ரீவ்னா யாரு தெரியுமா? பழைய இங்கிலாந்துல ஊர்ப் பெரியதனம் பண்றவர். பண்ணைக் கணக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிறது எல்லாம் அவர்தான். ஷெரிஃப்ங்கிற வார்த்தையே 'ஷயர் ரீவ்'தான், ஒரு வட்டாரத்துக்கே பெரியதனம். ரீவ்ஸ்னா ரீவ் வீட்டுப் பிள்ளை. நம்ம பக்கத்துல சொன்னா கவுண்டர் வீட்டுப் பையன்!"

கோழி கத்துகிற அளவுக்குச் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது அத்தனையும் சரி. கன்னடக் கல்வெட்டுகளில் காமுண்டன், காவுண்டன் என்று வருகிறவர் ஊர்த்தலைவர். அந்தப் பக்கம் அது கௌடா ஆயிற்று. கொங்குக் கல்வெட்டுகளில் காமிண்டன். நம் வாயில் கவுண்டன். ஊரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. அதனால்தான் ஒரே பட்டத்தைக் கொங்கு வேளாளர், வேட்டுவர், குரும்பர், இந்தப் பக்கத்து வன்னியர், மலைமேல் மலையாளிகள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சமூகங்கள் வைத்திருக்கின்றன. பெயரைப் பார்த்து ஆளை எடை போடுகிறவர்கள் இந்த இடத்தில் தோற்றே போவார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இங்கிலாந்தில் 1066-க்குப் பிறகு மூன்று நூற்றாண்டில் இப்படிப்பட்ட பட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோயின. வரி எழுதுகிறவருக்கு ஊரில் இருக்கிற பத்து ஜானைப் பிரித்துக் காட்ட இரண்டாவது பெயர் வேண்டியிருந்தது. ரீவ் வேலை போனாலும் ரீவ் பெயர் போகவில்லை. நம்மிடம் அப்படி உறையவே இல்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த ஆபீஸ் ரூமுக்குள் வாருங்கள்.

கதவைத் திறக்கவே இரண்டு அரிசி மூட்டையை நகர்த்த வேண்டியிருந்தது. கயிற்றில் தொங்கும் ஸ்கிப்பிங் கயிறுகள், ஒரு பக்கம் நசுங்கிய உலக உருண்டை, பேண்டு டிரம்முக்குள் பத்திரமாக வைத்த சாக்பீஸ் டப்பா. நடுவில் மேசை, மேசைமேல் சேர்க்கைப் பதிவேடுகள். ஓரம் கரையான் தின்று, அட்டை மாற்றி, சணல் நூலால் தைத்த பதிவேடுகள். ஒரு டீச்சர் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பெயர் ஏற்றுகிறார். சிக்னல் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் வருகிறது என்பதால் கையை வெளியே நீட்டியபடியே தட்டச்சு நடக்கிறது. வாசலில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"அடுத்தது, எஸ். ராமன். எஸ்னா என்னடா?"

"எஸ்-ஸுதான் டீச்சர்."

"அப்பா பேரு?"

"அப்பா."

அறையே அதிர்ந்தது. 2021 டிசம்பரில் அரசாணை வந்ததிலிருந்து முன்னெழுத்தைத் தமிழில்தான் எழுத வேண்டும். எஸ் என்று இருந்தால் அது சடையனா, செல்லனா, சின்னப்பையனா என்று அப்பா பெயரைக் கேட்காமல் எழுத முடியாது. கே என்றால் கந்தனா, குப்பனா, கோவிந்தனா? ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதரைத் தேடிப் பிடிக்கிற வேலை. பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

அப்புறம் தங்கை ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டிக் காட்டினாள். நான்கு பக்கத்தில் நான்கு தலைமுறை: ரா. சடையன். ச. ராமன். ரா. சடையன். ச. ராமன். "இதுல யாரு தாத்தா, யாரு பேரன்னு வருஷத்தைப் பார்த்தாத்தான் தெரியும் அக்கா!" தாத்தா பெயரைச் சுமப்பவன்தானே பேரன். அந்தச் சொல்லுக்கு உள்ளேயே 'பேர்' இருக்கிறது. நம் குடும்பங்களில் பெயர் நேர்கோட்டில் ஓடவில்லை. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை, ஊஞ்சல் மாதிரி போய்ப் போய்த் திரும்பியது. அப்புறம் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று எதற்கு? கடைசிப் பக்கத்தில் ஊஞ்சல் அறுந்திருந்தது. ச. ராமனின் மகன் பெயர் சச்சின். "அவன் மகன் சடையன்னு வருவானா பார்க்கணும்" என்றார் கையை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்த டீச்சர்.

அத்தனை பக்கங்களிலும் பெயர்ப் பத்தியில் ஓரிடத்தில்கூடக் கவுண்டன் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழ்நாட்டுப் பதிவேடுகளில் அந்த வால் உதிர்ந்தே போயிற்று. இந்தியாவில் வேறெங்கும் இப்படி ஒரு மாநிலமே பெயரைக் கத்தரித்துக்கொண்டு நிமிர்ந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. அதை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

ஆனால் சமூகம் என்ற பத்தியில் வேறொரு சொல் வரிசையாக நின்றது: மலையாளி. மலை ஆள், மலையாளி. அவ்வளவுதான். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "ஹாஸ்டல்ல சேரப் போனா 'ஓணத்துக்கு லீவு வேணுமா'ன்னு கேக்குறாங்க அக்கா" என்று ஒரு பெண் சொல்ல, மற்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் கிளம்பி, கரியராமர் சாமியைத் தொடர்ந்து வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. 1909-ல் இனவரைவியலாளர் தர்ஸ்டன் தன் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதியில் அதை எழுதிவைத்தார். அந்தப் பிள்ளைகளோ அதை நேற்று நடந்த மாதிரி சொன்னார்கள், கரியகோயில் இருக்கும் திசையைக் கைகாட்டியபடி.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் மலையாளிகள் மட்டும் 3,57,980. கிட்டத்தட்ட பாதி! மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம் இதுதான். என்றாலும் பட்டியலில் இந்தப் பெயர் மாவட்டத்தோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி என்று பழைய மாவட்டங்களைச் சொல்லி, அங்கே வாழும் மலையாளி என்கிறது. அதில் ஈரோடு இல்லை. அந்த மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் தங்களையும் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே மாதிரி வாழ்க்கை, ஆனால் மலை மாறினால் சான்றிதழ் இல்லை. இதைக் கேட்டபோது மட்டும் அறையில் சிரிப்பு நின்றது.

மதியம் சாப்பாட்டு மணி. தட்டுச் சத்தம், குழம்பு வாசம், பதிவேட்டின் மேல் ஒரு சொட்டுச் சாம்பார், அதை முந்தானையால் ஒற்றி எடுக்கிற தங்கையின் பதற்றம். இதையெல்லாம் நீங்கள் எந்த அரசுக் கோப்பிலும் பார்க்க மாட்டீர்கள்!

பஸ்ஸுக்குக் காத்திருந்த டீக்கடையில்தான் அடுத்த விருந்து. பெஞ்சில் தோளில் போர்வையோடு ஒரு தாத்தா. கடைக்காரர் அவருக்குக் கிளாஸைக் கொடுக்கும்போது "கவுண்டரே, சூடு" என்றார். காலையிலிருந்து எந்தக் காகிதத்திலும் கிடைக்காத சொல், டீ ஆவியோடு காதில் விழுந்தது! நான் கிட்டத்தட்டக் குதித்தேன்.

அவர் அந்த ஊரின் ஊர்க்கவுண்டர். திருவிழாவுக்கு நாள் குறிப்பது, பஞ்சாயத்தில் முதல் வார்த்தை பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. "கவுண்டர்னு நாங்களே எங்களைச் சொல்லிக்க மாட்டோம்மா. அது அடுத்தவங்க கூப்பிடுறது. என் பேரு கேட்டா ராமன்னுதான் சொல்லுவேன்." ஒரு மிடறு டீ. "அந்தக் காலத்துல ஜாகீர்தார் மட்டும்தான் அதைப் பேராவே வச்சிருந்தாரு."

ஜாகீர்! கல்வராயன் மலைக்காரர்கள் வாயில் அந்தச் சொல் இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை மூன்று ஜாகீர்களாக, அதாவது பரம்பரைத் தலைவர்கள் ஆண்ட மூன்று பகுதிகளாக இருந்தது: சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன். ஆளின் பெயரே எல்லைக்கும் பெயர். வெள்ளைக்காரன் போய், இந்தியா குடியரசாகியும் அந்த ஆட்சி முழுசாக விலகவில்லை. மலை நேரடியாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல். கீழே எல்லோரும் 1947 என்று சொல்லும்போது இங்கே வயசானவர்கள் 1976 என்கிறார்கள். "அதுக்கப்புறம்தான் எங்களுக்குன்னு காயிதம் வந்துச்சு" என்றார் தாத்தா. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு இந்த மலைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு சொந்தத் தாலுகாவே இருக்கிறது.

டர்பன் பலகையைப் பற்றி அவரிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "கப்பல்ல போனவன் பேரா?"

ஆமாம், கப்பலில் போனவர் பெயர். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை மாகாணத்து ஆட்கள், அதிலும் ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். கப்பல் பதிவேட்டில் வரிசையாகப் பத்திகள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, ஊர், உயரம், உடம்பில் தழும்பு. கரும்புக் காட்டுக்குப் போனதும் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார்கள். நம் ஆட்களிடம் ஊஞ்சல்தானே இருந்தது! சிலருக்குத் தகப்பன் பெயர் ஒட்டிக்கொண்டது, சிலருக்குச் சாதிப் பத்தியில் இருந்தது. படையாச்சி, முதலி, நாயுடு, பிள்ளை, செட்டி, கவுண்டன் எல்லாம் அங்கே குடும்பப் பெயராக உறைந்தன. இங்கே நாம் பின்னாளில் உதிர்த்த அதே வால், அங்கே முழுப்பெயராக நின்றுகொண்டது. ஃபிஜிக்குத் தென்னிந்தியர்கள் 1903-லிருந்து 1916 வரை போனார்கள். அந்தத் தீவுகளில் அதே சொல் 'கவுண்டர்' என்று குடும்பப் பெயராக இருக்கிறது. இந்த டர்பன் வீட்டுக்கு ன், அந்தத் தீவுகளுக்கு ர்!

"எழுதினவன் 'உன் பேரு என்னடா'ன்னு கேட்டிருப்பான்" என்றார் தாத்தா மெதுவாக. "அவன் எப்படி ர் போட்டுச் சொல்லுவான்? தன்னைத்தானே யாரும் கவுண்டர்னு சொல்லிக்க மாட்டாங்கல்ல."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பஸ் ஹாரன் அடித்ததுகூடக் காதில் விழவில்லை, தங்கைதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

பட்டறைக்குத் திரும்பியபோது விளக்கு போட்டிருந்தார்கள். முருகனுக்கு ஒரு கை வந்துவிட்டது. ஐந்து பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். "சரியா வந்தீங்க, இப்பத்தான் வாய்ஸ் வந்துச்சு."

வயதான பெண் குரல். முதலில் ஆங்கிலம், பின்னால் நாய் குரைக்கும் சத்தம், யாரோ பேத்தி ஏதோ எடுத்துக்கொடுக்கிறாள். அப்புறம் மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, தமிழ்: "எங்க தாத்தா... கவுண்... டன் சொல்லும்."

மேஸ்திரி மூன்று முறை போட்டுக் கேட்டார். எஃப்எம்மை நிறுத்திவிட்டு இன்னொரு முறை. பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். இரண்டு சுழி, ஒரு இறக்கம், மேலே ஒரு புள்ளி. மலையில் தாத்தா சொன்னதை நான் சொன்னேன். உளியைக் கையில் பிடித்தபடி கேட்டார், பதில் எதுவும் சொல்லவில்லை. முதல் சுழி முடிய இருபது நிமிஷம். யாரும் பேசவில்லை. வியர்வை மூக்கு நுனியில் திரண்டு நின்றது, பையன் துண்டை நீட்டி, அது பலகையில் விழுமுன் ஒற்றி எடுத்தான்.

இரண்டாவது சுழியும் முடிந்தது. மிளகுப் பொட்டு இரண்டும் பத்திரம். புள்ளி மட்டும் மிச்சம்.

"வாங்க" என்றார் மேஸ்திரி, உளியை என் பக்கம் திருப்பி.

என்னையா! கை நடுங்கியது. அவர் என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து உளியை நிறுத்தினார். "ஒரே தட்டு. பயந்தா வழுக்கிடும்." கொட்டாப்புளி நான் நினைத்ததைவிடக் கனம். தட்டினேன். உளியை அவர் ஒரு சுற்றுத் திருகி எடுக்க, தேக்குச் சிராய் ஒன்று பறந்து போய்ப் பந்தயத்தில் தோற்ற பையன் அப்போதுதான் வாங்கிக்கொண்டு வந்து நந்தி முதுகில் வைத்த டீயில் விழுந்தது.

"எடுத்துராதீங்க, தேக்குக் கஷாயம்" என்று கிளாஸை என் கையில் கொடுத்தான்.